குடுவையின் காது

பெண் கேட்கப் போகிற வழியில், ஆர்விட் லோக்கனின் விரல் பீர்க்குடுவையின் காதுக்குள் மாட்டிக்கொண்டது. மான்டானா குளிரில் விரல் சுருங்கும். அந்தத் தைரியத்தில் அடிவரை விட்டுத் தூக்கி வந்தான். காருக்குள் ஹீட்டர் பட்டதும் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது.

மாட்டியது போகட்டும். மாட்டியது எதிர்க்கடைக் குடுவை. அவன் கேட்கப் போகும் பெண் லோர்னாவின் அப்பா டிராஸ்க் சொந்தமாக பீர் வடித்து, கொண்டுவரும் குடுவையில் நிரப்பி விற்பவர். அவர் முத்திரை போட்ட குடுவைக்குத்தான் அவர் குழாயில் பீர் இறங்கும். எதிர்க்கடைக் குடுவையை ஒருவன் நீட்டியபோது, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கித் தெருவில் வைத்தார். அதன்பின் எதிர்க்கடை வாசனையோடு பூனைகூட அந்தப் பக்கம் வந்ததில்லை. பூனையைக் கேட்டால் ஒத்துக்கொள்ளும்.

கதவைத் திறந்த லோர்னா தன் கழுத்துத்துணியில் கையையும் குடுவையையும் சேர்த்துத் தொட்டில் கட்டினாள். சுளுக்கு என்று சொல்லச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் ஆர்விட் இடக்கையால் உருளைக்கிழங்கைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"ஏம் தம்பி, சுளுக்கு தளும்புமா?" என்றார் டிராஸ்க்.

துணி அவிழ்ந்தது. எதிர்க்கடை முத்திரை அவர் கண்ணில் பட்டது. லோர்னா கைவிட்டுப் போனாள் என்றே ஆர்விட்டுக்குத் தோன்றியது. உடைத்துவிடலாம் என்றான்.

"நெறஞ்ச குடுவையவா? பீரச் சாக்கடையில ஊத்துற வீடா இது?"

உடைப்பதற்கு முன் காலி செய்துதான் தீரவேண்டும். மூடியைத் திறந்தால் விடிவதற்குள் நுரை செத்துவிடும். அது எந்தக் கடை பீரானாலும் அவருக்குப் பொறுக்காது. முதல் கோப்பையை மருந்துபோல் குடித்தார். இரண்டாவதைக் குற்றம் கண்டுபிடிக்கக் குடித்தார். மூன்றாவதற்குக் காரணம் சொல்லவில்லை. குடுவை தீர்ந்ததும் அவரே வெண்ணெய் தடவி விரலை உருவினார்.

அப்போது வாசல்மணி அடித்தது. அவர் கடையில் பீர் பிடித்துக் கொடுக்கும் குழாய்க்காரன் சாவி வாங்க வந்திருந்தான். டிராஸ்க் பதறிக் குடுவையை மறைக்கத் தூக்கினார், கட்டைவிரலை அதன் காதில் விட்டு. வெண்ணெய் இருந்ததால் அடிவரை போய்விட்டது.

குழாய்க்காரன் போகும்வரை கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. பிறகு இழுத்துப் பார்த்தார்கள். வெண்ணெய்தான் தீர்ந்தது.

"இப்ப காலிதானே ஐயா. உடைச்சிரலாமா?" என்றான் ஆர்விட்.

டிராஸ்க் காலிக் குடுவையை ஆட்டிப் பார்த்தார். "வேணாம். திரும்ப நெரப்பணும்ல." பிறகு சொன்னார்: "கல்யாணத்த சனிக்கிழமையே வெச்சுக்கலாம். நீ எதையும் பாக்கல."

லோர்னா அதே துணியை அப்பா கழுத்தில் கட்டினாள்.

சனிக்கிழமை தேவாலயத்தில் பெண்ணை ஒரு கையால் அழைத்து வந்தார் டிராஸ்க். மறுகை தொட்டிலில். சுளுக்கு என்றார். அது அடிக்கு அடி தளும்பியது. யார் நிரப்பிக் கொடுத்தது என்று மருமகன் இன்றுவரை சொல்லவில்லை. பாதிரியார் மட்டும் தளும்பும் சத்தத்துக்கு மேலே குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.