கடைசியில் இருந்த பொத்தான்

1

14 செப்டம்பர், ஞாயிறு. நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். செங்கம்மாள் அக்காவின் பழைய போனில் புதிய ஆண்ட்ராய்டை ஏற்றி முடித்ததும், எந்த மொழி என்று அது கேட்டது. தமிழைத் தேர்ந்தெடுத்தேன். அவர் எங்கள் முனிர்கா கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். என்னோடு தமிழில்தான் பேசுவார். டெல்லியிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்து தெரியாது என்பது இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

இது கதையாக வேண்டிய அவசியமே இல்லை. மாலையில் போன் ரிப்பேர் வகுப்புக்குப் போகிறேன். கையில் எடுக்கும் ஒவ்வொரு போனுக்கும் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்று குறிப்பு எழுத வேண்டும். மற்றவர்கள் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் குறிப்பில் ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: 'செங்கம்மாள் கலங்கிய கண்களோடு அந்த உடைந்த போனை நீட்டினாள்.' (போன் உடையவில்லை. ஒரு மூலையில் கீறல், அவ்வளவுதான். கண்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: 'இந்த நவீன உலகம் எளிய மனிதர்களை' (வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. விட்டுவிட்டேன்.)

மூன்றாவது, நடந்தபடி. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப் வழியாக அக்காவுக்கு வேலை வருகிறது. காலையில் அதைத் திறந்து முகத்தைக் காட்டினால்தான் அன்றைய வீடுகள் கிடைக்கும். நாளை, திங்கட்கிழமை முதல் பழைய ஆண்ட்ராய்டில் ஆப் ஓடாது என்று செய்தி வந்தது. போன் கம்பெனியோ அந்த மாடலுக்குப் புதிய ஆண்ட்ராய்டு தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. நேற்று அவர் மாடியேறி வந்து போனை என் கட்டிலில் வைத்தார்.

"பேட்டரி இப்பதான் மாத்தினேன் மாதங்கி. ஸ்கிரீன் நல்லாருக்கு, ஸ்பீக்கர் நல்லாருக்கு, எதுவும் கெடல. அவன் ஆப் ஓடலன்னா என் போன் எப்படி கராப் ஆகும்?"

இதற்கு வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை, வழி சொல்லித் தந்திருந்தார்கள். இப்படிக் கைவிடப்பட்ட மாடல்களுக்கு யாரோ சிலர் ஆர்வத்தில் புதிய ஆண்ட்ராய்டைத் தயாரித்து இணையத்தில் வைத்திருப்பார்கள். போனில் உள்ளதைப் பிரதி எடுத்து, கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, பழையதை அழித்து, புதியதை ஏற்ற வேண்டும். செய்தேன். மாடல் எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மொழியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

3

இன்று காலை அக்கா மறுபடி வந்தார்.

"இதுல என்ன எழுதி வெச்சிருக்க? கோயில் போர்டு மாதிரி இருக்கு."

மன்னிப்புக் கேட்டு இந்திக்கு மாற்றினேன். ஆனால் ஆப்பில் முகம் தெரிய வேண்டிய இடம் கறுப்பாகவே இருந்தது. கேமராவைத் திறக்க அனுமதிகூட அது கேட்கவில்லை.*

(*புதிய ஆண்ட்ராய்டைத் தயாரித்தவர், 'சில ஆப்களில் முன்கேமரா வேலை செய்யாமல் போகலாம்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்திருந்ததால் வேறு காரணத்தையே நான் தேடவில்லை.)

பழையதைத் திரும்ப ஏற்றினால் கேமரா வரும், ஆப் ஓடாது. புதியதில் ஆப் ஓடும், முகம் தெரியாது. எப்படியானாலும் நாளை வேலை இல்லை. அக்கா வழக்கமாகப் போகும் வீடுகள் வேறொருவருக்குப் போய்விடும். ஒருமுறை போனால் அவை திரும்பி வருவதில்லை என்றார். மதியம் முழுக்க வேறு பதிப்பு தேடினேன். கிடைக்கவில்லை. அந்த அலுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

4

நான் எழுதும் செங்கம்மாள் மேல் எனக்குச் சந்தேகம். அவள் ரொம்ப அமைதியாக இருக்கிறாள். அதனால் சாயங்காலம் கீழே போய், அதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கண்ணு கலங்கிச்சா? என் கண்ணா? அதை அடி முதல்ல."

அடித்துவிட்டேன். (ஒற்றைக் கோட்டால், நீங்கள் படிக்கும்படியாக.)

மூன்றாம் பகுதியில், அனுமதிகூட அது கேட்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கேட்டுச்சே. நேத்து ரெண்டு தடவ கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சுக்கா?"

"எனக்கென்ன தெரியும், உன் கோயில் எழுத்து. மூணு வரி இருந்துச்சு. கடைசில இருந்ததை அமுக்கினேன். எப்பவும் கடைசில இருக்கறதுதானே சரிங்கறது?"

அவருடைய பழைய ஆண்ட்ராய்டில் அப்படித்தான். கடைசிப் பொத்தான் 'அனுமதி'. புதியதில் கடைசியில் இருப்பது 'அனுமதிக்க வேண்டாம்'. இரண்டு முறை வேண்டாம் என்றால் அது பிறகு கேட்பதே இல்லை. போனை வாங்கி, அமைப்புகளில் கேமரா அனுமதியை மாற்றிக் கொடுத்தேன். கறுப்பு விலகி அக்காவின் முகம் வந்தது. அவர் முதலில் முடியைச் சரிசெய்துகொண்டார்.

5

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் முகத்தை வாங்கிக்கொண்ட ஆப், 'சரிபார்க்கிறோம், காலையில் தெரியும்' என்றது. இப்படிக் கம்பெனிப் பூட்டைத் திறந்த போன்களைச் சில ஆப்கள் ஏற்பதில்லை. இது எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

முடிவு அ: காலையில் வழக்கமான வீடுகளே வருகின்றன.

முடிவு ஆ: 'இந்த போனில் இயங்காது' என்று வருகிறது. அவருடைய சிம்மைத் தன் போனில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு, மாதங்கி பழைய போனைக் கையில்

(அங்கேயே உட்கார்ந்து எழுதி வாசித்தேன். ஆ-வை இதற்கு மேல் வாசிக்க அக்கா விடவில்லை.)

"போன் குடுக்கறதுன்னா குடு, வாங்கிக்கறேன். அதை எழுதாத. படிக்கறவங்க உன்னை நல்ல பொண்ணும்பாங்க, என் போனுக்குத்தான் கெட்ட பேரு."

"அப்ப எப்படிக்கா முடிக்கறது?"

"வேலை வந்தா நான் ஜல்தியா கிளம்பிடுவேன், உன்கிட்ட சொல்ல நேரமிருக்காது. வரலன்னா மேல வந்து கதவைத் தட்டுவேன். பஸ், அவ்ளோதான்."

அதனால் இந்தக் கதையின் முடிவை நான் எழுதப் போவதில்லை. கதவு தட்டப்படுமா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைய வேலை: மாலை வகுப்பில் குறிப்பின் கடைசி வரியாக 'மொழியைப் போனுக்கு உரியவரிடம் கேட்கவும்' என்று சேர்க்க வேண்டும். அதற்கு முன், காலையில் சீக்கிரம் எழுந்து என் போனையும் சிம்மைக் கழற்றும் ஊசியையும் கதவருகே எடுத்து வைக்க வேண்டும்.