மலையில்லாத ஜில்லாவின் சூரியன்

இந்தியாவில் இதுவரை எவனும் சூரியோதயத்தை ஒழுங்காக வரைந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே என் நண்பன் காயாரோகணம் சென்னையையும் ஓவியப் படிப்பையும் உதறிவிட்டு, கும்பகோணத்துக்குக் கிழக்கே காவிரிக்கரையிலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியேறினான். இயற்கை முழுமையாக ஒத்துழைத்தது. அவன்தான் எட்டு மணிக்கு எழுந்தான்.

ஆட்சி மாறியதிலிருந்து ஊரில் பாதிச் சுவர்களில் ஆளுங்கட்சிச் சூரியன். கண்டாலே அவனுக்குக் கொதிக்கும்.

"ரெண்டு மலைக்கு நடுவுல சூரியனாம்! தஞ்சாவூர் ஜில்லாவுல ஏதுடா மலை? வைக்கோல் போர்தான் இருக்கு. இதை வரையறவன் கையை ஒடிக்கணும்."

குடியிருப்பவருக்கே மனைக்கட்டு சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. மிராசுதார் இராஜாங்கம் சட்டத்தை முந்திக்கொண்டார். தம் நிலத்தில் இரண்டு தலைமுறையாக இருக்கும் பொன்னுத்தாயின் குடிசையை வெள்ளிக்கிழமை காலை பிரிக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார். அதே வாரம் கதரைக் கழற்றிக் கரைவேட்டிக்கும் மாறினார். கொள்கை என்றால் அப்படி.

வியாழக்கிழமை மாலை பொன்னுத்தாய் எங்கள் வாசலில் நின்றாள்.

"தம்பி, நம்ம சுவத்துல ஒரு சூரியன் போட்டுக் குடுங்க."

"நான் ஆர்ட்டிஸ்டும்மா."

"அதான் கேக்குறேன். தெக்குத் தெரு ராசம்மா வூட்டுச் சுவத்துல சூரியன் இருந்துச்சு. கடப்பாறையோட வந்தவனுவ அப்படியே திரும்பிட்டானுவ. சேந்த வாரமே கட்சி சின்னத்த இடிச்சாருன்னா, மிராசுதாருக்குப் பேரு கெட்டுடுமுல்ல?"

"சூரியனை நான் நேர்ல பார்த்துத்தான் வரைவேன்."

"வந்து மூணு மாசமாச்சு. இன்னமுமா பாக்கல?"

காயாரோகணம் மாடியேறினான். கலை குறித்து ஒரு மணி நேரம் என்னிடம் பேசிவிட்டுப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மாடியில் அவனைக் காணோம். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில் பார்த்தேன். பொன்னுத்தாயின் மண்சுவரை ஒட்டிக் குந்தியிருந்தான். கையெல்லாம் சிவப்பு பெயிண்ட். அவன் முதுகுக்குப் பின்னால், நாற்று நட்ட வயலுக்கு மேல், ஒரு மலையும் இல்லாமல் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வரப்பில் கடப்பாறைகளோடு வந்த ஆட்கள் சுவரைப் பார்த்தார்கள். நின்றார்கள். ஒருவன் பீடியை அணைத்தான்.

"தம்பி, இடது பக்கத்து மலை சின்னதா தெரியுதே" என்றாள் பொன்னுத்தாய்.

காயாரோகணம் தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, மலையை உயர்த்தினான்.