மேசையின் அடிப்பக்கம்

என் சிறுநீரகங்களில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுப்பது என்று முடிவான நாளிலிருந்து வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். நான் தும்மினால்கூட அண்ணன் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். "சின்னவளே, உடம்பைப் பத்திரமாப் பாத்துக்கம்மா" என்பார். அறுபதை நெருங்குகிறேன், இத்தனை காலமும் இந்த உடம்பு இருந்ததா செத்ததா என்று அவர் கேட்டதில்லை. இப்போது அவர் கவலைப்படுவது என்னைப் பற்றியா, எனக்குள் இருக்கும் அவருடைய உருப்படியைப் பற்றியா என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

அண்ணன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகம் இரண்டையும் தின்று முடித்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். நான் சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டு மாடியில்தான் வாசம். சாப்பாடு கீழே, அண்ணி கையால்.

அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அண்ணன் பேசினால் மூத்திர வாடை அடிக்கும். அது வியாதி, அவர் தப்பில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. காலைச் சொறிந்து சொறிந்து தோல் செதிலாக உதிரும். அதை அவர் அப்படியே சோபாவில் தட்டிவிடுவார். அண்ணி அதைக் கையால் வழித்து எடுப்பாள். என் தொழிலில் எத்தனையோ பழைய சோபாவைப் பிரித்திருக்கிறேன். எலி செத்துக் கிடந்ததைக்கூட எடுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அண்ணி அந்தச் செதிலை வழிக்கிற அழகைப் பார்த்தால்தான் சோறு இறங்காது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கண்டம் இருந்தது. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த மாசமும் ரத்தத்துல பாஸ்பரஸ் இறங்கலை. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு அது வெளியே போகாது. அது ஏறினா எலும்புல இருக்க வேண்டிய சுண்ணாம்பு ரத்தக்குழாய்ச் சுவத்துல படியும். குழாய் கல்லாயிடும். உங்க தங்கச்சி கிட்னியை இவரு இடுப்புல இருக்கற குழாயோடதான் தைக்கணும். கல்லுல எப்படிங்க தைக்கறது? அடுத்த வாரம் ஸ்கேன். பார்ப்போம்."

அதற்குத்தான் ஒரு மாத்திரை. சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். சாப்பிடும்போதே நன்றாக மென்று விழுங்க வேண்டும். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுமாம்.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறாரா?"

"என் கண் முன்னாடிதான் மெல்றாரு, டாக்டர்" என்றாள் அண்ணி.

"அப்போ சாப்பாட்டுலதான் கோளாறு. வீட்டுல என்னம்மா சமைக்கறீங்க?"

அண்ணி கூனிக் குறுகிப் போனாள். பாஸ்பரஸ் ஏற்றும் பால், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, பாட்டிலில் வரும் கறுப்புப் பானம், எதுவும் அந்த வீட்டு வாசல்படி தாண்டி வருஷம் இரண்டாகிறது. காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, வாயில் வைத்தால் நனைந்த அட்டைபோல இருக்கும். மூன்று பேருக்கும் அதே அட்டைதான். அவருக்குத் தனியாக வைத்தால் மனசு விட்டுப்போகும் என்று அண்ணி சட்டம் போட்டிருந்தாள். இத்தனைக்குப் பிறகும் அவள் திட்டு வாங்க, அண்ணன் பக்கத்தில் கை கட்டி, பச்சைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு மேசையின் கால் ஆடுகிறது என்று அண்ணி சொன்னாள். அண்ணன் டயாலிசிஸுக்குப் போயிருந்தார். ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவந்து, மேசையை நான் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

அண்ணன் உட்காரும் பக்கத்தில் பலகைக்கு அடியில் என்னவோ அடை அடையாக ஒட்டியிருந்தது. முதலில் குளவிக்கூடு என்று நினைத்தேன். விரலால் தொட்டேன். ஓரத்தில் இருந்தது ஈரமாக, கொழகொழவென்று விரலோடு வந்தது. மற்றதெல்லாம் காய்ந்து வெள்ளையாக இறுகியிருந்தது. பாதி மென்ற மாத்திரை. ரொட்டியோடு சேர்த்துப் பிசைந்து, எச்சிலோடு அழுத்தி ஒட்டியிருக்கிறார். சிலதில் பல் பதிந்த தடம். ஒன்றில் நரைமுடி. பலகை நிறைய, ஒன்றன்மேல் ஒன்றாக.

ஓடிப்போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தேன். அந்த மேசையில்தான் தினம் என் தட்டும் இருந்தது.

"அண்ணி! இங்க வந்து பாருங்க உங்க வீட்டுக்காரர் லட்சணத்தை!"

அண்ணி வந்தாள், பார்த்தாள். கத்துவாள், அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் சமையலறைக்குப் போய்ப் பழைய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தாள்.

"அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். யாருகிட்டயும் சொல்லாதம்மா. படிச்ச மனுஷன். அவமானமாப் போயிடும்."

"அவமானமா? டாக்டர் உங்களைக் கிழிச்சப்போ யாருக்கு அவமானம் அண்ணி? பழி ஓரிடம், பாவம் ஓரிடமா?"

கத்தி கரகரவென்று சுரண்டியது. அந்தத் தூள் அவள் மடியில் விழுந்தது. அண்ணன்மேல் வந்த அருவருப்பில் பாதி அந்த நிமிஷம் அண்ணிமேல் திரும்பியது.

நான் விடுவேனா? அண்ணன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"வாயெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கும்மா. அதை மென்னு பாத்தாத்தான் தெரியும். துப்பினா இவ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா."

"அதுக்காக? குழாய் கல்லாயிடும்னு சொன்னாங்களே, காதுல விழலையா?"

"அதான் உன் கிட்னி வரப்போகுதே. வந்துட்டா இந்த மாத்திரை எல்லாம் எதுக்கு? அதுவரைக்கும் ஓட்டினாப் போதும்."

உண்டியலில் போட்ட காசைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் மாடிக்கு ஏறிப்போனேன். இடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் ரொம்ப நாள் இருக்க மாட்டார். சொல்லாவிட்டால், என்னைக் கிழித்து எடுத்ததை அந்த மனுஷன் எதன் அடியில் ஒட்டிவைப்பாரோ? இரண்டு ராத்திரி இப்படியே கழிந்தது. கடைசியில் கொடுத்துத் தொலைப்பது என்றுதான் தீர்மானித்தேன். பாசத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு உயிரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேன் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டார். திரையில் அண்ணனின் இடுப்புக் குழாய்கள் இரண்டு பக்கமும் எலும்பைப்போலவே வெளேரென்று தெரிந்தன. குழாய் எது, எலும்பு எது என்று அவர் பேனாவால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

"சுத்திலும் படிஞ்சிருக்கு. தைக்க இடமே இல்லை. ஆபரேஷன் பண்ண முடியாதுங்க. மன்னிச்சிருங்க." பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "சாப்பாட்டுல இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது திறப்பார். திறந்தார்.

"நான் சொன்னா இவ எங்க கேக்கறா, டாக்டர்?"

அந்த மேசைப் பலகை முழுவதையும் என் வாயில் திணித்ததுபோல இருந்தது. எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். ரொட்டி, எச்சில், பல் தடம், கத்தி, ஒன்றைக்கூட விடவில்லை. அண்ணன் முகம் சிவந்தது. "கூடப் பிறந்தவளே மானத்தை வாங்கறாளே" என்றார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாத்திரையைத் துப்பினது தப்புதான். இனியாவது முழுங்கினா இதயக் குழாயும் கால் குழாயுமாவது கொஞ்சம் பிழைக்கும். ஆனா இவ்வளவு கல் ரெண்டு வருஷத்துல வந்திருக்காது. சர்க்கரை, வயசு, கிட்னி, எல்லாம் சேர்ந்து பல வருஷமாப் படிஞ்சது. முழுங்கியிருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம்."

"அப்போ" என்றாள் அண்ணி. "நான் போட்ட சாப்பாட்டால இல்லையா?"

"இல்லம்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அண்ணி மாத்திரைப் பையை அண்ணன் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். நானும் போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை.

"உனக்கு சந்தோஷமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா அண்ணி. அதை நினைச்சா என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு."

"எனக்கும் சந்தோஷம்தான்." அவள் என் பக்கம் திரும்பவில்லை. "உன்னை அறுத்து அந்த ஆளுக்குள்ள வைக்கறதை நான் பக்கத்துல நின்னு பாக்க வேண்டாம்ல."

உள்ளே அண்ணன் கூப்பிட்டார். முதலில் அவளை, பிறகு என்னை. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கை வேண்டும். போக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் முதலில் எழட்டும் என்று ஒருத்திக்காக ஒருத்தி காத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தோம்.