சுமைக்கு அடியில் வசந்தா

லூர்துமேரி ஃபோர்க்லிஃப்டில் உப்பு மூட்டைகளை ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அடியில் இருந்த மரத்தட்டு டப்பென்று முறிந்தது. ஒரு பக்கத்து மூட்டைகள் சரிந்து தொங்கின. கண்ணை மூடித் திறப்பதற்குள் என் ஓரகத்தி வசந்தா கையிலிருந்த பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தச் சுமைக்கு நேர் கீழே நின்று, இரண்டு கைகளாலும் முட்டுக் கொடுத்தாள்.

புத்தி கெட்டவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. மரக்காணத்து உப்பளத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். வரப்பில் போகிறவள் தலையில் கூடை சாய்ந்தால், அவள் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டும். கொடுக்காதவளை ஊரே ஏசும். வெயிலில் வெந்தது போதும் என்று இந்த பாக்கெட் போடும் குடோனுக்கு வந்தோம். பழக்கமும் கூடவே வந்துவிட்டது. வண்டி ஓடும்போது தாண்டக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கோடாவது, கீடாவது! வசந்தாவுக்குக் கால்தான் முதலில் போகும். யோசனை சாவகாசமாகப் பின்னால் வரும்.

லூர்துமேரி பக்கத்து ஊரான அனுமந்தைப் பெண். புதுச்சேரியில் பழகி லைசென்ஸ் எடுத்தவள். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஹாரன் அடிப்பாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் காலாவது தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். "மகாராணி வர்றாங்க, ஒதுங்குங்கடி" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள்.

"எறக்கு மேரி, எறக்கு!" என்று சூப்பர்வைசர் அசோகன் கத்தினார்.

"நான் புடிச்சிக்கிறேன், நீ எறக்கு" என்றாள் வசந்தாவும்.

இறக்கினால் அத்தனையும் அவள் தலைமேல்தானே வந்து உட்காரும்? இந்த மனுஷனுக்கு அது தெரியவில்லையா? நானும் கோட்டைத் தாண்டக் காலை எடுத்தேன். "யாரும் வராதீங்க!" என்று வண்டியிலிருந்து ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டேன்.

லூர்துமேரி இறக்கவில்லை, பின்னால் எடுக்கவும் இல்லை. லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, வசந்தாவுக்கு முகம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"வசந்தாக்கா, என்ன பாரு. உங் கையில ஒண்ணுமே இல்லக்கா. மொத்தமும் வண்டிதான் தாங்கினு இருக்குது. கைய வுடு."

"வுட்டா வுழுந்துடும்டீ!"

"வுழட்டும். உப்புதான? நீ வா."

குழந்தையைக் கூப்பிடுகிற குரல். வசந்தா விரல்களை மூட்டையிலிருந்து எடுத்தாள். மூட்டை அசையவில்லை. தூக்கத்தில் நடக்கிறவள் போல நடந்து கோட்டைத் தாண்டி வந்தாள். அவள் இடுப்பை வளைத்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவள் வந்த பிறகும் லூர்துமேரி அவசரப்படவில்லை. சுற்றிலும் பார்த்து, ஒரு ஹாரன் அடித்து, அதன் பிறகுதான் லீவரைத் தொட்டாள். சுமை தன் பக்கமாகச் சாய்ந்து நிற்கும்படி, அதைத் தாங்கும் முன்சட்டத்தை ஒரு நகக்கண் அளவு பின்னுக்குச் சாய்த்தாள். முக்கால்வாசி மூட்டைகள் நின்றன. முறிந்த பக்கம் இருந்தவை மட்டும் தடதடவென்று கொட்டின, சற்று முன் வசந்தா நின்ற இடத்தில். தரை அதிர்ந்தது என் உள்ளங்காலில் தெரிந்தது. தேர் நிலைக்கு வந்து நிற்கும்போது வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் நடுங்காத கையை அதைவிடப் பிரமித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யம்மாடி" என்றாள் வசந்தா, வெடித்துக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தபடி. "இத்தினி கனமாடீ?"

அவள் கைகள் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன. ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கினேன். விட்டதும் அது மெல்ல மேலே போனது.