நிழல் விழுந்த கன்னம்

வல்லிநாயகம் அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஹுஸைஃபா திறந்தான். படத்தில் அவன் சிநேகிதன் தேவா சிரித்துக்கொண்டிருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் குற்றாலத்து அருவி. படத்தோடு அண்ணாச்சியின் குரலும் வந்திருந்தது.

“தேக்குப் பலகைய பையனோட அப்பாவே செங்கோட்டையில வாங்கித் தந்துட்டாருடே. ஒண்ணரை அடி இருக்கும். முகம் மட்டும் செதுக்குனா போதும். பையனுக்கு நினைவு நாளு வெள்ளிக்கிழமை வருதாம்.”

ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில் அந்தப் படத்தை எடுத்ததே ஹுஸைஃபாதான். எடுத்து ஒரு மணி நேரத்தில் தேவா இறந்துபோனான். அருவியில் குளித்துவிட்டு இருவரும் வேலியைத் தாண்டிக் காட்டோடைப் பக்கம் ஏறினார்கள். பாசிப் பாறையில் தேவாவுக்குக் கால் வழுக்கியது. ஹுஸைஃபா அவனைப் பிடித்தான். பிடி நிற்கவில்லை.

விபத்து என்றுதான் போலீஸ் எழுதியது. ஆனால் தேவாவின் அப்பா சங்கிலிப்பாண்டி, அவரே அப்போது ஏட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் ஹுஸைஃபாவின் சட்டையைப் பிடித்தார். “விட்டுட்டு ஓடியாந்துட்டியாலே?” என்று கேட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தென்காசியில் எங்கே எதிர்ப்பட்டாலும் அவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

அண்ணாச்சிக்கு இந்தக் கதை தெரியாது. அவர் போட்டோ பிரேம் கடை வைத்திருப்பவர். மரத்தில் படம் கேட்டு யாராவது வந்தால் ஹுஸைஃபாவுக்கு அனுப்புவார். டூவீலர் ஷோரூம் வேலை போக மிஞ்சிய நேரத்தில், கம்ப்யூட்டர் வரைபடத்தைப் பார்த்து மரம் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்றைத் தானே பூட்டி மாடி அறையில் ஓட்டிவந்தான். செதுக்குவது யார் என்று சங்கிலிப்பாண்டி கேட்டிருக்கவும் மாட்டார்.

‘முடியாது அண்ணாச்சி’ என்று தட்டினான். அனுப்பாமல் அழித்தான். வேறு யாராவது செய்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அப்படியே மெஷினுக்குக் கொடுத்துவிடுவார்கள். மெஷினுக்கு முகம் தெரியாது. வெள்ளை என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். அது அறிந்தது அவ்வளவுதான்.

முதலில் அவனும் அப்படித்தான் போட்டுப் பார்த்தான். திரையில் வந்த உருவத்தைப் பார்க்க முடியவில்லை. வெயில் பட்ட நெற்றி கட்டி போலப் புடைத்திருந்தது. கருவிழிகள் இரண்டு ஓட்டைகள். மீசை ஒரு வாய்க்கால். நிழல் விழுந்த இடது கன்னம் முழுக்க உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகம் ஞாபகம் வந்து, லேப்டாப்பை மூடினான்.

மறுநாள் லீவு போட்டான். முகத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பிரித்து, வெளிச்சத்தை அழித்துவிட்டு உயரத்தை வரைந்தான். மூக்கு நுனிக்கு வெள்ளை. கன்னம் வெளிர் சாம்பல். கண்குழிக்கு அடர்ந்த சாம்பல், அதற்குள் விழி உருண்டையாக எழும்ப நடுவில் கொஞ்சம் வெளுப்பு. இடது கன்னத்துக்குப் படத்தில் எந்தத் தகவலும் இல்லை. வெறும் இருட்டு. அதை மனதிலிருந்துதான் வரைய வேண்டியிருந்தது. தாடைக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாகவே ஒரு சின்ன வெளுப்பை வைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆய்க்குடி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தபின் தேவாவுக்கு அங்கே புடைத்த தழும்பாக ஒரு முண்டு இருந்தது.

புதன்கிழமை சாதாரணப் பலகையில் சின்னதாக ஒரு மாதிரி செதுக்கி அண்ணாச்சியிடம் கொடுத்தான். வியாழன் காலை தேக்கை மெஷினில் ஏற்றினான். முதல் ஓட்டம் முடிந்து, பிட் என்கிற நுண்ணிய செதுக்கு முனை மேலிருந்து கீழாக முகத்தை வழித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

“ஏடே, மாதிரிய அவருகிட்ட காட்டுனேன். விரலால தடவிக்கிட்டே இருந்தாரு. தாடைகிட்ட வந்ததும் நிறுத்திட்டாரு. ‘இது படத்துல இல்லியே, யாரு செஞ்சது’ன்னு கேட்டாரு. நான் மழுப்பிப் பார்த்தேன். போலீஸ்காரருல்லா, விடலியே. உன் பேரச் சொன்னதும் எந்திரிச்சிட்டாரு. அங்கனதான் வாராரு.”

ஓடிப்போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மெஷின் இரைந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேர வேலை பாக்கி. கீழே ஸ்கூட்டர் நிற்கும் சத்தமும், பிறகு படியில் காலடிகளும் கேட்டன.

சங்கிலிப்பாண்டி வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். அவனைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு அருகில் போய்க் குனிந்தார். தூளுக்கு நடுவே நெற்றியும் கண்களும் மூக்கும் முடிந்திருந்தன. அதற்குக் கீழே இன்னும் படிப்படியான கரடுமுரடு.

“நிறுத்துலே.”

“இப்ப நிறுத்துனா தடம் விழுந்துரும். ரெண்டு மணி நேரம்...”

அவர் கை சிவப்புப் பொத்தானைத் தேடி அறைந்தது. பிட் கன்னத்திலேயே நின்றது. அறையில் திடீரென்று அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“என் பிள்ள மூஞ்ச செதுக்க ஒனக்கு என்னலே உரிமை இருக்கு?”

“இல்ல.”

“அன்னைக்குக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. இப்பக் கேக்குதேன். நீ கைய விட்டியா, அவன் கை நழுவிச்சா?”

ஹுஸைஃபா சுவரில் சாய்ந்துகொண்டான்.

“ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். என் காலும் வழுக்க ஆரம்பிச்சிச்சு. நானும் போகப் போறேன்னு தெரிஞ்சுது. ஒரு கைய எடுத்து வேரைப் பிடிச்சேன். ஒத்தக் கை அவன் கனத்தத் தாங்கல. நழுவிச்சு. ஆனா அந்த ஒரு கைய எடுத்தது நான்தான். போலீஸ்ல இதச் சொல்லல. எங்க வாப்பாகிட்டகூட சொன்னதில்ல.”

அடிப்பார் என்று எதிர்பார்த்தான். விலகாமல் நின்றான். அவர் கை உயர்ந்தது. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு படியிறங்கிப் போனார். ஸ்கூட்டர் உடனே கிளம்பவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பியது.

அன்று அவன் பலகையைத் தொடவில்லை. எதையும் சாப்பிடவுமில்லை. அவர் போலீசுக்குப் போவாரா, அண்ணாச்சியை அனுப்பிப் பலகையைத் திருப்பிக் கேட்பாரா என்று யோசித்துக்கொண்டே கிடந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவரே வந்தார். அதே சட்டை. தூங்கவில்லை என்று கண்கள் சொல்லின.

“திரும்ப ஓட்ட முடியுமாலே?”

“முடியும். ஆனா நேத்து நிறுத்துன எடத்துல ஒரு கோடு விழுந்திருக்கு.”

“தேச்சா போவுமா?”

“போயிரும். அந்தக் கன்னம் ஒரு நூலளவு இறங்கும்.”

“இறங்கட்டும். ஓட்டு.”

அவன் பலகையின் மூலையில் பிட்டைக் கொண்டுபோய் மெஷினுக்குத் தொடக்கப் புள்ளியைத் திரும்பக் காட்டினான். இரண்டு முறை தப்பியது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் மெஷின் ஓடியது. மீசை வந்தது. சிரிப்பு வந்தது. தாடையின் முண்டு கடைசியில் வந்தது. மெஷின் நின்றதும் உப்புத்தாளை அவன் எடுப்பதற்குள் அவர் கை நீட்டினார்.

“குடு. நான் தேய்க்கேன்.”

மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தார். கோடு மறைந்தது. தூளை வாயால் ஊதிவிட்டு விரலால் கன்னத்தைத் தடவினார். பிறகு முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார்.

“என் கோவம் போயிருச்சுன்னு நெனச்சிராத. போவல.”

“சரி.”

“ஆறு வருஷமா அவன் அம்மா சங்கரேஸ்வரி ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருக்கா. கடைசியில பிள்ள தனியாக் கெடந்து போனானா, பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு. ‘கூட இருந்தவன் ஓடிட்டான்’னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்.” கனைத்துக்கொண்டார். “பலகைய நீயே எடுத்துக்கிட்டு வா. எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லு. ஒரு கைய எடுத்தேங்கறதையும் சேத்துச் சொல்லணும். மறைச்சிராத.”

“அவங்க தாங்குவாங்களா?”

“எனக்குத் தெரியாது. வா.”

ஹுஸைஃபா பலகையைப் போர்வையில் சுற்றித் தூக்கினான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாப்பா கீழே கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, யார் வந்திருப்பது என்று புரிந்ததும் எழுந்து நின்றார். சங்கிலிப்பாண்டி அவருக்குத் தலையசைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவன் பலகையை மடியில் வைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். தேவாவின் அம்மாவிடம் முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே போனான். வீடு வந்தபோதும் அது கிடைத்திருக்கவில்லை.