இடக்கையால் எழுதிய புகார்

நகரி வாலிபர் சங்கத்துக் கால்பந்து டீமுக்கு இரண்டு பீடைகள் என்று ஏழுமலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்று, கோல்கீப்பர் சந்திரன். மற்றது, அவனைக் கொண்டுவந்து நிறுத்திய காரியதரிசி தாமோதரன். நூலுக்குச் சாயம் போடுகிற ஏழுமலையின் கை தொட்டியில் இருந்தாலும் வாய் மைதானத்தில்தான் இருக்கும். ஆட்டம் நடக்கும்போது அவன் நிற்கிற பக்கம்தான் கூட்டம் சேரும். பாதிப் பேர் பந்தைப் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் ஏழுமலை திட்டுவதைக் கேட்க வந்தவர்கள்.

திட்டாமல் என்ன செய்வான்? சந்திரன் தாமோதரனின் மைத்துனன், மெட்ராஸ் ராஜ்யத்து அரக்கோணத்துக்காரன். பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அக்காள் புருஷன் காரியதரிசியாக இருக்கிறவரை அவனை யார் அசைக்க முடியும்?

அப்படியும் டீம் ஜெயித்துக்கொண்டு வந்தது என்றால், முன்னால் ஆடிய முனிகிருஷ்ணனால்தான். அப்போது ஆந்திராவில் இருந்த திருத்தணி தாலுகாவில் ஒரு கிராமம். வேர்க்கடலை போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். எட்டு மைல் சைக்கிளில் வந்து வெறுங்காலோடு ஆடுவான். ஒருமுறை பிசகிய அவன் வலது கணுக்காலுக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஏழுமலைதான் கட்டுப் போடுவான். தானே சிவப்புச் சாயம் ஏற்றிய துணிப்பட்டை அது. வேறு யார் கட்டினாலும் முனிகிருஷ்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அந்த வருஷம், 1960-ல், திருப்பதியில் நடக்கவிருந்த கடைசி ஆட்டத்துக்கு ஓர் ஆலையிலிருந்து ஆள் எடுக்க வருவதாகப் பேச்சு. எடுபட்டால் ஆலை டீமில் இடம், ஆலையிலேயே வேலை. முனிகிருஷ்ணன் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சந்திரன் விட்ட கோல் ஒன்றை நினைத்து நினைத்து வயிறெரிந்த ஏழுமலை, சித்தூரில் இருந்த ஜில்லா சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினான். 'நகரி டீமில் வெளி ராஜ்யத்து ஆசாமி ஆடுகிறான். மெட்ராஸ் ராஜ்யத்தில் பிறந்தவனுக்கு ஆந்திர ராஜ்யத்து டீமில் என்ன வேலை? விசாரிக்கவும்.' கையெழுத்து தெரியக் கூடாதென்று இடக்கையால் எழுதினான். பேர் போடவில்லை. சந்திரன் பேரைக்கூடப் போடவில்லை. போட்டால் நகரிக்காரன் வேலைதான் என்று தெரிந்துவிடுமாம். அவ்வளவு புத்திசாலி!

கடிதம் அங்கே ஏதோ கட்டுக்குள் கிடந்தது. ஏப்ரல் முதல் தேதி எல்லைக்கோடு மாறியது. திருத்தணி தாலுகா மெட்ராஸோடு போனது, முனிகிருஷ்ணன் கிராமமும் கூடவே போனது. அதற்கடுத்த வாரம் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். வெளி ராஜ்யத்து ஆட்டக்காரர் எவரும் ஆடக்கூடாதென்று தெலுங்கில் உத்தரவு வந்தது.

தாமோதரன் ஒரே நாளில் சந்திரனுக்கு வழி பண்ணிவிட்டான். மைத்துனன் இரண்டு வருஷமாக நகரியில் தன் வீட்டில் குடியிருக்கிறான் என்று எழுதிக்கொடுத்தான், ஒத்துக்கொண்டார்கள். முனிகிருஷ்ணன் குடியிருப்பதோ கிராமத்தில், அவனுக்கு அப்படி எழுதிக்கொடுக்க வழியில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"எழுதினவன் இந்தத் தாமோதரன்தான்! எழுதின கை வெளங்காம போவும், பாத்துக்கினே இரு!" என்று டீக்கடையில் ஏழுமலை சத்தியம் செய்தான். செய்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். நகக்கண் வரை சிவப்பு. 

மறுநாள் தாமோதரனே டீக்கடைக்கு வந்தான். "ஜில்லா சங்கத்துல கேட்டுட்டு வந்தேன். எழுதினவனே நேர்ல வந்து வாபஸ் வாங்கிக்கினா உத்தரவ எடுத்துடுவாங்களாம். வெள்ளிக்கெழம வரைக்கும்தான் டயம். எவனாயிருந்தாலும் போங்கப்பா. என்மேல கோவம்னா என்னை ஒதைங்க, அந்தப் பையன் வயித்துல அடிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏழுமலை சித்தூர் பஸ் ஏறினான். உண்மையாகவே போகத்தான் ஏறினான். ஆனால் போய்ச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும். மொட்டைக் கடிதக்காரன், அதற்கு மேல் பொய்ச் சத்தியக்காரன். இந்த வாயை வைத்துக்கொண்டு அப்புறம் எந்த மைதானத்தில் நிற்பது? புத்தூரில் பஸ் நின்றதும் இறங்கினான். ஒரு டீ குடித்தான். எதிர்ப்பக்கம் நின்ற நகரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான்.

சனிக்கிழமை திருப்பதியில் நல்ல கூட்டம். முனிகிருஷ்ணனும் வந்திருந்தான். கயிற்றுக்கு வெளியே, வேட்டி சட்டையில், ஏழுமலைக்குப் பக்கத்தில் நின்றான். ஆலைக்காரர்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளைக்குள் சந்திரன் இரண்டு கோல் விட்டான்.

"வுடுண்ணா, ஏன் பேசாம கீற? நீ திட்டலைன்னா ஆட்டமே ஆட்டமாத் தெரியல" என்று முனிகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தான்.

ஏழுமலையின் சட்டைப்பையில் அந்தச் சிவப்புப் பட்டை இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டான். அதைத் தொட்டுப் பார்த்தான்.

"முனிகிருஷ்ணா, எழுதினது நான்தான்டா."

"இன்னாது?"

"அந்தக் கடுதாசி. சந்திரன நெனச்சி எழுதினேன். நேத்து வாபஸ் வாங்கப் பொறப்ட்டேன். பாதியில திரும்பிட்டேன். பயந்துட்டேன்டா."

அடிப்பான் என்றுதான் ஏழுமலை நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முனிகிருஷ்ணன் எதிரே இருந்த நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எங்க ஊரு அந்தாண்ட போவப்போவுதுன்னு எங்கூர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்ணா. எழுதறதுக்கு மின்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. வாரா வாரம் என் காலப் புடிச்சிக் கட்டின. கேக்கலாமில்ல?"

முனிகிருஷ்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருத்தணி பஸ்ஸுக்கு நடந்தான். வலது காலை லேசாகத் தாங்கித்தான் நடந்தான்.

இடைவேளை முடிந்தது. ஐந்தாவது நிமிஷமே பந்து சந்திரனின் காலிடுக்கில் புகுந்து வலைக்குள் போனது. நகரிக்காரர்கள் அத்தனை பேரும் வழக்கம்போல ஏழுமலை பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா ஏழுமல, வாயத் தெற!" என்று யாரோ கத்தினார்கள்.

ஏழுமலை சட்டைப்பைக்குள் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.