கொம்புப் பாட்டுக்கு வழக்கு

“அது சும்மா மேடைப் பேச்சு. விட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தேத்தண்ணியை உறிஞ்சினார். அந்தக் கோப்பையைப் பிடுங்கி அந்தாளின் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல வினாயகமூர்த்திக்குக் கை துறுதுறுத்தது. கவிழ்த்திருந்தால் அன்றைக்கே உள்ளே போயிருப்பான், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதே மேசை, அதே மனுசன். போன வைகாசியில் அவனுடைய தம்பி தவராசாவை இதே மேசைக்கு முன்னால்தான் நிலத்தில் குந்த வைத்திருந்தார்கள்.

தவராசா பள்ளிக்கூட வாத்தியார். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கை ஒரு நாளும் ஒருவர் மேலும் நீண்டதில்லை. நாட்டுக்குப் புது அரசியல் சட்டம் வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, கூடி நின்ற நாலு பேருக்கு, “இந்தச் சட்டத்தில நமக்கு நிக்க ஒரு அடி நிலம் இல்ல. இல்லாத இடத்தில நிண்டு கொடிக்குக் கும்பிடு போட என்னால ஏலாது” என்று சொன்னான். அவ்வளவுதான். பொழுது சாயுமுன் ஜீப் வந்தது. இனங்களுக்கிடையே பகை மூட்டினான் என்று வழக்கு, அவசரகாலச் சட்டம், இரண்டு வருடச் சிறை மறியல். சாட்சிக் கூண்டில் ஏறி, “இவன் சனத்தைக் கிளப்பி விட்டவன், என்ட ரெண்டு காதாலயும் கேட்டனான்” என்று சத்தியம் பண்ணியவர் புளியடிமடு கிராமச் சபைச் சேர்மன் நல்லரெத்தினம். ஆளுங்கட்சிக்காரர், மேட்டு வளவுப் போடியார், ஊரில் பாதி வயல் அவருடையது.

சரி, அது போகட்டும் என்று வைப்போம். அந்தச் சத்தியம் பண்ணிய வாய் அதோடு மூடியிருந்தாலாவது மனுசன் ஆறியிருப்பான். மூடவில்லையே! சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததும், பக்கத்துச் சேனைக்கரை முஸ்லிம் ஆக்கள்தான் இரவோடிரவாகத் தண்ணீரைத் திருப்புகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. சேர்மன் கூட்டம் போட்டார். மைக்கைப் பிடித்து, “சேனைக்கரையில ஒரு கூரையும் மிஞ்சப்படாது! முதல் அந்த மஜீட்ட கடை! வேலி வெட்டுற கத்திய வேலிக்கு மட்டுமா தீட்டி வெச்சிருக்கம்?” என்று கேட்டுத் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது அவருடைய பழக்கம். தட்டிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்து நிற்பார். முன்வரிசையில் இந்த இன்ஸ்பெக்டர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மஜீட்டின் தேத்தண்ணிக் கடை எரிந்தது. பின்னால் கட்டியிருந்த பசுவின் கயிற்றை அவிழ்க்கப் போன மஜீட்டின் கை இரண்டும் வெந்தன. பசு பிழைத்தது. மஜீட்டின் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை, சோற்றை மனைவி சபூராதான் ஊட்டி விடுகிறாள். விளக்குச் சரிந்து பிடித்த நெருப்பு என்று பொலிஸ் முடித்துவிட்டது. வினாயகமூர்த்தி மஜீட்டுக்குச் சொந்தமுமில்லை, பந்தமுமில்லை, வயல் வட்டையில் வேலை செய்த களைப்பில் அந்தக் கடை வாங்குப் பலகையில் குந்தியவன், அவ்வளவுதான். ஆனாலும் ஸ்டேஷன் படி ஏறி ஏறி முறைப்பாடு சொன்னான். உண்மையைச் சொல்வதென்றால் மஜீட்டுக்காக மட்டும் அவன் ஏறவில்லை. தம்பியை விழுங்கிய சட்டம் இந்த ஆளையும் ஒருமுறை கடித்துப் பார்க்கட்டும் என்ற எரிச்சலில்தான் ஏறினான். அது நல்ல எண்ணமா கெட்ட எண்ணமா என்று அவன் யோசிக்கவில்லை. நெஞ்சு எரிகிறவன் அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பானா?

ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நான் போய்ச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். சேர்மன் போய்ச் சொன்னால்? துள்ளி விழுந்து எடுப்பார்களே! அப்படியென்றால் அந்தப் பேச்சைச் சேர்மனே கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நினைக்க நினைக்க அவனுக்குச் சிரிப்பு வந்தது. தம்பி உள்ளே போனதற்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

வைகாசி பிறந்தது. மழை தப்பிய வருஷம் என்பதால் வருஷச் சடங்குக்குக் கண்ணகையம்மன் கோயில் கதவு திறந்ததும் கொம்பு விளையாட்டு வைப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். வைரமான இரண்டு கவை மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. இழுக்கும்போது ஒரு சேரியை மற்றச் சேரி பாட்டிலே ஏசும். சாதாரண ஏச்சில்லை, காது கூசும். பாட்டுக்காரன் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க அவன் சேரி முழுவதும் அதைத் திருப்பிப் பாடும். மாமன் மருமகனை ஏசுவான், கூலிக்காரன் போடியாரை ஏசுவான், ஒருவரும் கோபிக்க ஏலாது. அம்மன் முன்றலில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது கட்டு. அந்தக் கட்டை மீறி ஒருவன் பொலிசுக்குப் போனதாக ஊரில் ஒரு கதை கிடையாது. வினாயகமூர்த்தி வடசேரிப் பாட்டுக்காரன். நல்லரெத்தினம் தென்சேரித் தலைவர், பட்டு வேட்டியும் மடித்த சால்வையுமாகக் கதிரையில் அமர்ந்திருந்தார்.

வடம் இறுகியது. வினாயகமூர்த்தி மண்ணில் காலை ஊன்றி எடுத்தான்.

“மேட்டு வளவில ஒரு கூரையும் மிஞ்சப்படாது!”

வடசேரி சிரித்துக்கொண்டே திருப்பிப் பாடியது. 

“முதல் அந்தச் சேர்மன்ட நெல்லுப் பட்டறை!”

சிரிப்பு இன்னும் கூடியது. மூன்றாவதை அவன் மெதுவாக, இழுத்து, ஒவ்வொரு சொல்லாக விட்டான். “வேலி வெட்டுற கத்திய… வேலிக்கு மட்டுமா… தீட்டி வெச்சிருக்கம்?” பாடிவிட்டுத் தொடையில் ஓங்கித் தட்டினான். அங்கேதான் சனத்துக்கு விளங்கியது. சிரிப்பு நின்றது. திருப்பிப் பாடியவர்களில் பாதிப்பேர் அடியை வாய்க்குள்ளேயே விழுங்கினார்கள். சேர்மன் கதிரையை விட்டு எழும்பினார். கொம்பு முறிந்ததா, யார் வென்றது என்று அன்று பார்த்தவர் குறைவு. விடிந்ததும் ஜீப் வந்தது.

“அம்மன்ட பாட்டுக்கு வழக்கா? கலி முத்திப் போச்சுகா!” என்று பெண்கள் வேலிப் படலைக்குப் படலை நின்று வாயில் கை வைத்தார்கள். தென்சேரிக் கிழவர்களே சேர்மன் வீட்டுக்குப் போய், விட்டுவிடும்படி கேட்டார்களாம். சேர்மன் கேட்கவில்லை. மேடையில் பேசிப் பழகியவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை. எரிக்கச் சொல்லித் தூண்டினான் என்று வழக்கு. அதே அவசரகாலச் சட்டம்.

பிணையில் வந்தவனைப் பிரக்கிராசி பிலிப்பு தன் கந்தோர் அறையில் வைத்துப் புத்தி சொன்னார். கல்லடி ஊரின் வழக்கறிஞர், நல்ல மனுசன், தவராசாவின் வழக்கையும் அவர்தான் பேசினார்.

“இஞ்ச பாரும், இது கோயில் வழக்கம், பரம்பரையாப் பாடுற வசைப் பாட்டு எண்டு ரெண்டு பெரியாக்களக் கொண்டு சொல்லுவிப்பம். அண்டைக்கே வீட்ட போகலாம்.”

“அப்பிடிச் சொன்னாச் சேர்மனக் கூண்டில ஏத்துவாங்களா ஐயா?”

“தேவையில்லையே.”

“அப்ப வேணாம்.”

“விசரா உமக்கு? ரெண்டு வருஷம் போடுவாங்கள். தம்பி உள்ள, நீரும் உள்ள போனா வயல ஆர் பாக்கிற?”

“வயல் கிடக்கும் ஐயா, எங்கயும் ஓடாது. அவர் கூண்டில ஏறோணும். நான் பாடினது என்னெண்டு ஒரு சொல்லும் விடாம அவர்ர வாயால சொல்லோணும். நீங்க அதை மட்டும் கேட்டுத் தாங்க.”

பிலிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து, கேட்க வேண்டிய கேள்வியைக் குறித்துக்கொண்டார்.

வழக்குக்கு முதல் நாள் அவன் சேனைக்கரைக்குப் போனான். சபூரா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். மஜீட் நிழலில், கைகளை மடியில் போட்டபடி.

“சபூராத்தா, நாளைக்கிக் கோட்டுக்கு வாங்க. அவரையும் கூட்டிக்கு வாங்க.”

“எனக்கு அந்தப் பேச்ச இன்னொருக்காக் கேக்க ஏலாது தம்பி” என்றாள் அவள். “நெருப்பு வாறதுக்கு முன்ன அதத்தான் கேட்டன். இப்பவும் நித்திரையில கேக்குது.”

“இது வேற. அந்தாள் மூஞ்சி கறுக்கிறதப் பாக்கத்தான் வரச் சொல்றன்.”

அவள் மஜீட்டைப் பார்த்தாள். மஜீட் “போவம்” என்றார். வினாயகமூர்த்திக்கு அது போதுமாக இருந்தது. அவள் சம்மதித்தாளா என்று அவன் நின்று கேட்கவில்லை.

கோட்டு விறாந்தையில் புளியடிமடு முழுவதும் நின்றது. நீதவான் தமிழர்தான், ஆனாலும் நடப்பதெல்லாம் இங்கிலீசு. சாட்சி சொல்வதைக் கோட்டு முதலியார் ஒவ்வொரு வசனமாக இங்கிலீசில் திருப்பிச் சொல்ல நீதவான் எழுதுவார். சேர்மன் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணி, தன் வளவை எரிக்கச் சொல்லி எதிரி பாடினான் என்றார். பிலிப்பு எழும்பினார்.

“என்ன பாடினார்? வார்த்தையைச் சொல்லுங்கோ.”

“எரிக்கச் சொல்லித்தான்.”

“அது கருத்து. நான் கேக்கிறது வார்த்தை. ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ.”

பொலிஸ் தரப்பு முனகியது. சொல்லட்டும் என்றார் நீதவான். வினாயகமூர்த்தி எதிரிக் கூண்டின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

சேர்மன் தொண்டையைச் செருமினார். மண்டபம் நிறைந்த சனம், எல்லாக் கண்ணும் அவர் மேல். அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டால் அந்த மனுசனுக்கு நெஞ்சு தானாக நிமிரும். முதற்சொல் மெதுவாகத்தான் வந்தது. அடுத்தது வரும்போது குரல் ஏறிவிட்டது. “…ஒரு கூரையும் மிஞ்சப்படாது! முதல் அந்த மஜீட்ட கடை! வேலி வெட்டுற கத்திய வேலிக்கு மட்டுமா தீட்டி வெச்சிருக்கம்?” கை தொடையில் விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதலியார் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். இங்கிலீசு வரவில்லை. சேர்மன் கைதட்டலுக்குக் காத்திருப்பவரைப் போல ஒரு கணம் நிமிர்ந்து நின்றார். பிறகு அவர் முகம் கறுத்தது, வினாயகமூர்த்தி கனவு கண்ட அதே கறுப்பு. அடடா, என்ன ஒரு ஆறுதல்! உச்சியில் நல்லெண்ணெய் வைத்தது போல வயிறு வரை குளிர்ந்தது அவனுக்கு.

“சாட்சி பதற்றத்தில மாறிச் சொல்லிப்போட்டார்” என்று இன்ஸ்பெக்டர் எழும்பினார். நீதவான் பேனாவை எழுதாமல் பிடித்திருந்தார். கூண்டில் நின்றவரைப் பார்த்தார், எதிரியைப் பார்த்தார். தவராசாவுக்கு இரண்டு வருடம் எழுதியதும் அதே பேனாதான்.

“திருத்திச் சொல்லலாம்” என்றார்.

தவராசாவை ஒருவரும் திருத்திச் சொல்லக் கேட்கவில்லை. வினாயகமூர்த்திக்குக் குளிர்ந்த வயிறு திரும்பப் பற்றியது. சேர்மன், “மேட்டு வளவில…” என்று தொடங்கி நிறுத்தினார். பாட்டு அவருக்கு வரவில்லை, பேச்சுத்தான் வரும்.

“என்ன சேர்மன், அடி மறந்து போச்சா? நான் எடுத்துத் தாறன்” என்றான் வினாயகமூர்த்தி. பிலிப்பு வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவன் பார்க்கவில்லை. முன்றலில் எடுத்த அதே குரலில் எடுத்தான். “சேனைக்கரையில… ஒரு கூரையும்… மிஞ்சப்படாது!” இந்த முறை ஊர்ப் பெயரை அவன் மாற்றவில்லை. சேர்மன் சொன்னபடியே சொன்னான், சொல்லிவிட்டு அந்த ஆளை நோக்கி விரலை நீட்டினான்.

பாட்டுக்காரன் எடுத்துக் கொடுத்தால் திருப்பிப் பாடுவது வடசேரிக்கு இரத்தத்திலே ஊறியது. விறாந்தையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு பத்து, பிறகு ஊர் முழுவதும். ஒரு கூரையும் மிஞ்சப்படாது. முதல் அந்த மஜீட்ட கடை. சேர்மனை நோக்கித்தான் பாடினார்கள், அவருடைய வார்த்தையை அவருடைய மூஞ்சியிலே அப்புவதற்குத்தான் பாடினார்கள். நீதவான் மேசையில் தட்டினார். பொலிஸ்காரர் விறாந்தைக்கு ஓடினார்கள். சேர்மன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வினாயகமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தான், தன் கையில் விலங்கு விழுவது தெரியாமலே சிரித்தான். அந்தச் சிரிப்போடு மஜீட்டையும் சபூராவையும் தேடினான்.

கடைசி வாங்குப் பலகையில் இருந்த சபூரா எழும்பி நின்றாள். அவள் சேர்மனின் பக்கமே பார்க்கவில்லை. பாடுகிற வாய்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டு, மஜீட்டின் மடங்காத விரல்களைத் தன் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து அவரை எழுப்பினாள். வாசலை அடைத்துக்கொண்டு ஊர் பாடியது. அவர்கள் இருவரும் வெளியே போக வழி தேடி, சுவரோரமாக, ஒவ்வொரு தோளையும் விலக்கி விலக்கி நடந்தார்கள்.